ஒரு ‘மிரர்’ போட்டால் வளவு வீடு ரெடியா? ஆட்டோகேட் பிளானில் தவறு நுழைவது எப்படி?

வலையபட்டி மாதிரியான செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதானாலும், காலி மனையில் புது வீடு கட்டுவதானாலும் முதலில் தேவைப்படுவது பிளான். முன்பு டிரேசிங் பேப்பரில் நாள்கணக்கில் வரைந்ததை இப்போது ஆட்டோகேடில் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். இந்த வேகம் எங்கிருந்து வருது? அதுல என்ன சிக்கல்?

கமாண்டுகள் என்ன செய்கின்றன?

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட மென்பொருள் ஆட்டோகேட். அதில் ‘ஆஃப்செட்’ கொடுத்தால், ஒரு கோட்டுக்கு இணையாகச் சொன்ன தூரத்தில் இன்னொரு கோடு விழும். 9 அங்குலச் சுவருக்கு 230 மி.மீ. என்று தட்டினால் போதும். ‘அர்ரே’ தூண்களைச் சம இடைவெளியில் அடுக்கும். ‘மிரர்’ பாதி வீட்டை வரைந்தாலே மீதியைக் கண்ணாடி பிம்பம் போலத் தந்துவிடும். ஒரு ஜன்னலை ‘பிளாக்’ ஆக்கி வைத்தால், அதைத் திருத்தும்போது எல்லா இடத்திலும் மாறிவிடும்.

அப்போ பிரச்னை என்ன?

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என நேர்கோட்டில் நீளும் செட்டிநாட்டு வீடு பார்வைக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா டேப் பிடிச்சுப் பார்த்தா எதிரெதிர் அறைகள் சில அங்குலம் வித்தியாசப்படலாம். இடப்பக்கத்தை மட்டும் அளந்து மிரர் போட்டால் பிளான் அழகாக இருக்கும். வீடு அப்படி இருக்காது. அதை நம்பி உத்தரம் வெட்டினால் மரமும் பணமும் வீண்.

கையால் வரைந்தபோது ஒரு தவறு ஓரிடத்தோடு நின்றது. பிளாக்கில் வந்த தவறோ, 20 ஜன்னல் இருந்தால் 20-லும் வரும்.

இன்னொன்று, அளவு எண். மென்பொருள் அதைக் கோட்டின் நீளத்திலிருந்துதான் எடுக்கும். ஆனால் கோட்டைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றி டைப் செய்யவும் வழி உண்டு. அப்படிச் செய்தால் பேப்பரில் 10 அடி, கோப்பில் 9 அடி 8 அங்குலம். பரப்பளவை மென்பொருள் கோட்டை வைத்தே கணக்கிடுவதால் அதுவும் தப்பும்.

இப்போ ஏன் இது முக்கியம்?

தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு முதல் தளமும் கொண்ட வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் கொடுத்த விவரம் சரி என்று சான்று சொல்வது விண்ணப்பதாரர். பிளானில் உள்ள அளவுக்கும் அவரே பொறுப்பு.

கையெழுத்துக்கு முன் என்ன பார்க்கணும்?

* இரு பக்கமும் தனித்தனியாக அளக்கப்பட்டதா என்று கேளுங்கள்.
* அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்துப் பாருங்கள். செவ்வக அறை என்றால் இரண்டும் சமமாக இருக்கணும். இல்லையென்றால் மூலைமட்டம் சரியில்லை.
* சில அறைகளின் நீள, அகலத்தைக் கூட்டி, சுவர் கனத்தையும் சேர்த்து, வெளி அளவோடு ஒப்பிடுங்கள்.

இதுக்கு அரை நாள் ஆகலாம். சுவர் எழும்பிய பிறகு திருத்த, எந்த கமாண்டும் இல்லை.