கடலுக்குக் கோனார் உரை கேட்பவர்கள்

மீனவர்களைப் பற்றி ஒரு நாவல் வந்தால் போதும், வட்டாரச் சொற்கள் மிகுதி, வாசகர் திணறுகிறார், பொதுத் தமிழில் எழுதியிருக்கலாமே என்ற குறை கூடவே வந்துவிடுகிறது. 2004இல் வெளியான ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் பலரும் இந்தக் காரணத்தையே சொல்கிறார்கள். கேட்க வாசகர் பக்கம் நிற்கும் பேச்சுபோல இருக்கிறது. உண்மையில் இது சோம்பலுக்குச் சூட்டிய நல்ல பெயர்.

அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். ‘கச்சான்’ என்பதை ‘மேற்குக் காற்று’ என்று மாற்றலாம். திசை கிடைத்துவிடும். ஆனால் தூத்துக்குடிக் கரையில் நிலம் மேற்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் கச்சான் பாய் விரித்தவனைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டு போகும். கிழக்கிருந்து வரும் கொண்டல் அவனைக் கரைக்குக் கொண்டுவரும். ஒன்றின் பெயரைக் கேட்டதும் வீட்டிலிருப்பவளுக்குக் கவலை, மற்றதைக் கேட்டால் ஆறுதல். ‘மேற்குக் காற்று’ என்ற சொல்லில் யாருக்கும் கவலை வராது.

‘பார்’ என்பது கடலடிப் பாறைத்திட்டு; மீன் கூடும் இடம். மன்னார் வளைகுடாவின் முத்துத் திட்டுகளுக்கும் அதுவே பெயர். ‘பாருக்குப் போனான்’ என்று படித்ததும் நமக்கு மதுக்கடை நினைவுக்கு வந்தால் அது கடலோரத்தான் செய்த குற்றமல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாரை நடுக்கடலில் கண்டுபிடிக்கக் கன்னியாகுமரிக் கரையில் ‘கணிச்சம்’ பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னுள்ள மலைமுகடும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோல் நேர்பட வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் கல்லை இறக்கினால் கீழே பார். தலைமுறைகளாகக் காத்துவந்த இந்த அறிவை ‘இடத்தைக் கண்டுபிடித்தான்’ என்று எழுதி முடித்துவிடச் சொல்கிறார்கள்.

பொதுத் தமிழ் என்று எதைச் சொல்கிறார்கள்? தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் கும்பகோணத்துப் பேச்சும் சங்கீதச் சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஸ்வரம் தெரியாதவர்களும் அதைக் கொண்டாடிப் படித்தோம். வட்டார நாவல் என்று ஒதுக்கவில்லை. கிரிக்கெட்டின் டிஆர்எஸ், யார்க்கர், கூக்ளி எல்லாம் யாரும் அகராதி தராமலே தெருப்பையன்களுக்குத் தெரிகிறது. ‘குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று மூச்சு வாங்கச் சொல்லும் வானிலை அறிக்கையை முகம் சுளிக்காமல் கேட்கிறோம். ஆக, புதுச்சொல் நமக்குப் பாரமில்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அது கடினமாகிறது.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எளிமையாகத்தானே இருக்கிறது என்று ஒரு எதிர்வாதம் உண்டு. அருமையான நாவல்தான். ஆனால் அதன் நெஞ்சு கரையில் இருக்கிறது: பிலோமியின் காதல், ஒரு குடும்பத்தின் சிதைவு, நாட்டுப்படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் மூண்ட பகை. ‘ஆழி சூழ் உலகு’ மூன்று பேரை நடுக்கடலில் மிதக்கவிடுகிறது. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதில் அவர்கள் உயிர் தொங்குகிறது. அங்கே கடற்சொல்லைக் குறைத்தால் அவர்களின் ஆபத்து நமக்குப் புரியாமலே போகும். கதை கடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்குச் சொல் வேண்டும்.

இந்த மக்களின் தமிழை ஓரத்துத் தமிழ் என்று நினைப்பதும் வரலாறு அறியாத பேச்சு. போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ் தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறைக்கு வந்து, இங்குள்ளவர்களிடம் தமிழ் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ இந்தக் கரையின் கிறிஸ்தவர்களுக்காக உருவானது. இந்திய மண்ணில் தமிழ் அச்சேறியதே இந்தக் கரையின் மீனவர்களான பரதவரை வாசகராக வைத்துத்தான். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் கட்டுமரத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே எழுதினார். அந்நியர்கள் வந்து கற்றுக்கொண்ட சொற்களை, அதே மொழியில் பிறந்த நாம் கற்க மறுக்கிறோம்.

எல்லாக் கடற்சொல்லும் தானாகவே இலக்கியமாகிவிடாது. கேட்டுக் குறித்துவைத்த பட்டியலை உரையாடலுக்குள் கொட்டி, தன் களஆய்வைக் காட்டிக்கொள்ளும் நாவல்களும் வருகின்றன. அவற்றைத் தாராளமாகக் கண்டிக்கலாம். ஆனால் அங்கே பழுது எழுத்தாளரிடம் இருக்கிறது. நல்ல நாவலில் ஒரு சொல் முதல் முறை வரும்போது மங்கலாக இருக்கும். இரண்டாம் முறை யாரோ அதைக் கேட்டுப் பயப்படுவார்கள். மூன்றாம் முறை நாமும் பயப்படுவோம். கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் தந்தால் அது ஒரு மரியாதை. தராவிட்டால் குற்றமில்லை.

கொற்கை என்றதும் சங்க இலக்கிய முத்துக்களைப் பேசிப் புளகாங்கிதம் அடைகிறோம். திமில், அம்பி என்று படகுப் பெயர்கள் நெய்தல் பாட்டில் வந்தால் உரைகாரரைத் தேடிப் போகிறோம். அந்தப் பாடல்களில் வீசும் வாடையும் கொண்டலும் இன்றும் மீனவர் வாயில் இருக்கின்றன. அவரே பேசும்போது மட்டும் புரியவில்லை என்கிறோம். அதே ஜோ டி குரூஸின், ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘கொற்கை’ நாவலுக்கு 2013இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்த பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை.

எனவே மதிப்புரை எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கடினமான சொற்கள்’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். எந்தச் சொல், எந்தப் பக்கத்தில், கதையை எப்படி முடக்கியது என்று எடுத்துக் காட்டுங்கள். காட்ட முடிந்தால் எழுத்தாளர் பதில் சொல்லட்டும். முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு, நாவலை இன்னொரு முறை படியுங்கள்.