வினாவும் விளையாட்டும்

இயற்கணிதம் என்றவுடன் அஞ்சும் மாணாக்கர் பலர். ஆயின் அவ்வச்சம் இயற்கணிதத்தில் பிறப்பதன்று. மிகை எண், குறை எண், பின்னம், விகிதம், செயல்களின் முறைவரிசை ஆகிய அடிப்படைகள் உறுதிப்படாமையே அதன் வேர். 2 + 3 × 4 என்பதற்கு 20 என விடையிறுப்பவனும், 1/2 + 1/3 என்பதை 2/5 எனக் கூட்டுபவனும் சமன்பாட்டைக் கண்டு மருள்வதில் வியப்பில்லை. அவ்வடிப்படைகளை மீள்நினைவு செய்ய வகுப்பறை வினாடி வினா நல்லதொரு வழி என்பதே என் கருத்து.

தமிழாசிரியருக்குக் கணக்கில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். 'ஓர் எண்ணிலிருந்து 5-ஐக் கழிக்க' என்பதும் '5-லிருந்து ஓர் எண்ணைக் கழிக்க' என்பதும் வேறுவேறு. அவ்வெண்ணை 'அ' எனக் கொண்டால், முன்னது அ − 5. பின்னது 5 − அ. இவ்வேறுபாட்டை உணர்த்துவது வேற்றுமை உருபே. '5 மிகுதி', '5 மடங்கு' என்பனவும் இத்தகையனவே. எனவே கணக்கின் முதற்படி மொழியே.

வினாவின்வழிக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அளவைகளையும் கணக்கு வழிகளையும் செய்யுளில் புதிர்ச் சுவையோடு தந்தது. 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா வினா விடையாகவே அமைந்த இசுலாமியத் தமிழ் நூல். மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பதே பொருள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமியும் வணிகம், நில அளவை, பாகப்பிரிவினை முதலிய வாழ்க்கைச் சிக்கல்களைக் கொண்டே கணிதத்தை விளக்கினார். அவர் நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதே அல்ஜீப்ரா ஆயிற்று. குறைபட்டதை நிறைவு செய்தல் என்பது அதன் பொருள்.

இக்காலத்து ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வில், உரைப்பகுதியை மீண்டும் படித்தோரைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. முந்திக் கை தூக்குவோர்க்கே மதிப்பெண் எனின், விளையாட்டு முன்னமே அறிந்தவர்களின் அரங்காகிவிடும். மெல்லக் கற்போர் தலைகுனிந்திருப்பர். 'எனக்குக் கணக்கு வராது' என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு கட்டும் பிள்ளை, மேனிலை வகுப்பில் கணிதப் பிரிவை நாடாது. அதன்வழிச் செல்லும் பொறியியல் முதலிய கல்விகளின் வாயிலும் அதற்கு அடைபடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்க வேண்டியவரும் அப்பிள்ளையாக இருக்கலாம்.

எனவே விளையாட்டின் விதிகளைச் சற்றே மாற்றுவோம். நால்வர் கொண்ட குழுவாக அமர்த்துவோம். கலந்து பேச இரண்டு மணித்துளி தருவோம். விடை கூறுபவரைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்வோம்; அப்போது வல்லவர் பிறர்க்குக் கற்பித்தே ஆகவேண்டும். விடைக்கு ஒரு மதிப்பெண், 'ஏன்' என்பதற்கு இரண்டு. 'கையில் 4 ரூபாய், கடன் 7 ரூபாய். உன் நிலை என்ன?' என வினவினால் 4 − 7 = −3 என்பது தானே விளங்கும். 628-இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கூறித்தான் விதி வகுத்தார். தவறான விடையையும் கரும்பலகையில் எழுதி, பிழை எங்கே நுழைந்தது எனக் காண்பவர்க்கும் மதிப்பெண் தருவோம்.

இதற்குப் பெருஞ்செலவில்லை, சுண்ணக்கட்டியும் சில தாள்துண்டுகளும் போதும். வாரம் ஒரு பாடவேளையை ஆசிரியப் பெருமக்கள் ஒதுக்குக. பரிசு பெற்றவரை மட்டுமன்றி, முதன்முறை எழுந்து நின்று விடை கூறியவரையும் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் பாராட்டுக. குறைபட்டதை நிறைவு செய்தல் எண்ணுக்கு மட்டுமன்று, வகுப்பறைக்கும் உரிய விதியாகும்.