கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் எதற்கு?

"குஞ்சு செத்தால் நஷ்டம் எனக்குத்தானே ஐயா? மருந்து கலக்காதே என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்" என்று பயிற்சி முகாமில் ஒரு கோழிப்பண்ணையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசத்தில் கிடக்கும் நோயாளிகளைக் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் முதலிய பாக்டீரியாக்கள் பிடிப்பதுண்டு. இவற்றில் பல இன்று கார்பாபெனம் என்ற வீரிய மருந்துகளுக்கும் அடங்குவதில்லை. அப்போது டாக்டரிடம் மிஞ்சும் ஒருசில மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் மனித வைத்தியத்தில் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட பழைய மருந்து இது. வேறு வழியில்லாமல் டாக்டர்கள் மறுபடி அதைத் தேடிப் போனபோது, பண்ணைகளில் கோழியின் எடை கூட அது தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது.

தினமும் சிறு அளவில் மருந்து கொடுத்தால் வலுவற்ற கிருமி சாகும், தாங்கியது பெருகும். 1980களின் பிற்பகுதியில் பருத்திக்குப் பைரித்ராய்டு அடித்து அடித்துக் காய்ப்புழு சாகாமல் போனதை மூத்த விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். கிருமி புழுவைவிடப் பொல்லாதது. தாங்கும் குணத்தை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். கோலிஸ்டினைத் தாங்கும் அத்தகைய மரபணு ஒன்றைச் சீன விஞ்ஞானிகள் பன்றியிலும் இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் கண்டு 2015 நவம்பரில் வெளியிட்டார்கள். எச்சம், எரு, பண்ணையாள் கை, பச்சை இறைச்சி எல்லாமே அதற்குப் பாதைதான்.

ஆஸ்பத்திரிக் கிருமியெல்லாம் கோழியிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. கை கழுவாத வார்டும், சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கும் கடையும் பெரிய குற்றவாளிகள். அதற்காக நம் பங்கு இல்லையென்று ஆகிவிடாது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் குஞ்சுத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்க்க நாங்களே சிபாரிசு செய்ததுண்டு.

உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. சீனா 2017லேயே தீவனத்தில் இதை நிறுத்தியது. அங்கே கோழிகளில் எடுத்த ஈ.கோலை கிருமிகளில் இம்மருந்தைத் தாங்குபவை சுமார் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தன. நிறுத்தினால் பலன் உண்டு.

நஷ்டக் கணக்குக்கு வருவோம். டென்மார்க் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை அடியோடு விட்டார்கள். குஞ்சு இறப்பு கூடவில்லை. தீவனச் செலவு மட்டும் சற்றே ஏறியது. மருந்துச் செலவு மிச்சமானதில் அது ஏறக்குறைய ஈடாயிற்று. அவர்கள் கொட்டகை வேறு, நம் வெயில் வேறு என்பீர்கள். உண்மைதான். ஆனால் நம் பண்ணைகளில் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது. அதற்குத் தடுப்பூசிதான், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. ரத்தக் கழிச்சலுக்கும் கோலிஸ்டின் உதவாது. ஈரக் கூளத்தையும் நெரிசலையும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியையும் மறைக்கத்தான் மருந்து பயன்பட்டு வந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே கூளத்தைக் கிளறி உலர்வாக வையுங்கள். தண்ணீருக்குக் குளோரின் போடுங்கள். ஒரே வயதுக் குஞ்சுகளை ஒன்றாக விட்டு ஒன்றாக விற்று, கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்படித்துச் சில நாள் காலியாக விடுங்கள். எருவை மக்கவைத்தே வயலுக்குக் கொண்டுபோங்கள். நோய் வந்தால் செத்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எழுதிய மருந்தை மட்டும், எழுதிய நாள்வரை கொடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்களுக்குத் தீவனம் கம்பெனியிலிருந்து வருகிறது. அதில் என்ன மருந்து இருக்கிறதென்று மூட்டைமேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, மூட்டை இறங்கும்போதே மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.