பத்தில் ஒரு பங்கு நிலமும் கூடிப்போச்சா?

வெள்ளவத்தையில் ஒரு அபார்ட்மென்ட் வாங்குவதுதான் முன்னேற்றம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது அரசாங்கக் காணி பிடிச்சிருக்கிற சனம்" என்பதோட கதை முடிஞ்சிடும்.

சரி, காணிக் கணக்கையே பார்ப்போம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்குத்தான், எங்கட இல்லை. கொழும்பில் 68,812 குடும்பங்கள் 'வசதி குறைந்த குடியிருப்புகளில்' இருந்தன. அவர்கள் இருந்த நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர். நகரத்துச் சனத்தில் கிட்டத்தட்ட பாதி, பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குள்! இதைப் பார்த்து யாருக்கும் வரவேண்டிய கேள்வி, "இவ்வளவு பேருக்கு இவ்வளவுதானா?" சபைக்கு வந்த யோசனையோ, சனத்தை மாடிகளில் ஏற்றிவிட்டு மிஞ்சும் நிலத்தை முதலீட்டாளருக்குக் கொடுப்பது. 2010 இல் சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோது இராணுவமும் பொலிஸும் நின்றன.

மாடி வீடு இலவசம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க: தலைமுறையாக இருந்த வீட்டைப் பறிகொடுத்த பலரிடம் முற்பணமும் வாங்கி, பல வருடங்களுக்கு மாதக் கட்டணமும் விதித்தார்கள்.

அரசிடம் காணி இல்லையா? காலிமுகத்திடலில் இராணுவத் தலைமையகம் இருந்த காணி ஷங்ரிலாவுக்கு விற்கப்பட்டது. 2017 இல் ஹோட்டல் திறந்தாச்சு. பொதுக் காணியில் ஹோட்டல் வந்தால் அபிவிருத்தி, ஏழை இருந்தால் ஆக்கிரமிப்பு.

கொழும்பைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்கிறவர்கள் அங்கே நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அரசு கட்டிய வீடுகளில் இருப்பதைச் சொல்வதில்லை. 1966 இல் சட்டம் போட்டு அந்த அரசு காணிகளைச் சுவீகரித்தது. அதில் பல இடங்களில் வீடு எழும்பியது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கொழும்புத் தோட்டங்கள் பலவற்றில் சனத்தையும் கூட்டி வைத்துக் காணியை அளந்து, இருந்த இடத்திலேயே துண்டு பிரித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்தான். (பிரேமதாசவைப் புகழ நாங்கள் வரேல்லை, அவர் காலத்து மற்றக் கணக்குகளும் எங்களுக்குத் தெரியும்.) ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் பக்கத்துவீட்டுக் கைமாத்தும் அங்கேயே இருந்தன. பன்னிரண்டாம் மாடியில் இடியப்பம் அவித்து யாருக்கு விற்கிறது?

நகரத்துக்குள் ஒரு பேர்ச் அரச காணியும் இனி விற்கப்படக்கூடாது. குத்தகைக்கு விடுவதென்றாலும், முதலில் அங்கே குறைந்த வாடகைக்கு எத்தனை வீடு வரும் என்று சபை எழுத்தில் சொல்லட்டும். அந்தக் கடதாசி தமிழிலும் இருக்கட்டும்.