காலநிலைக் கொள்கையில் நிறுவனங்கள் செலுத்தும் செல்வாக்கை வெளிப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சிறு பங்குதாரர்கள் சங்கம்.

பெறுநர்:
1. தலைவர், இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் (செபி), மும்பை.
2. செயலாளர், மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், புதுடெல்லி.

பொருள்: காலநிலைக் கொள்கை தொடர்பாக நிறுவனங்கள் அரசிடம் வைக்கும் கோரிக்கைகளைக் கட்டாயமாக வெளியிடச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக அளித்து வருகின்றன. அரசின் கொள்கையில் செல்வாக்குச் செலுத்த முனையும் நிறுவனம் அதைப் பொறுப்போடும் ஒளிவுமறைவின்றியும் செய்ய வேண்டும் என்பது அதன் ஏழாவது கோட்பாடு. கோட்பாட்டில் குறையில்லை, குறை படிவத்தில்தான்.

கொள்கைச் செல்வாக்கு பற்றி, எந்தெந்தத் தொழில் கூட்டமைப்புகளில் உறுப்பினர் என்பதை மட்டும் கட்டாயப் பகுதி கேட்கிறது. பத்துப் பெயர்களோடு அது முடிந்துவிடுகிறது. எந்தக் கொள்கைக்காக வாதாடினீர்கள், எந்த வழியில், அந்த விவரம் பொதுவெளியில் உள்ளதா, இயக்குநர் குழு அதை எப்போதெல்லாம் பரிசீலிக்கிறது என்ற முக்கியமான கேள்விகள் எல்லாம் விருப்பப் பகுதியில் கிடக்கின்றன. பதில் எழுதாவிட்டால் கேட்பாரில்லை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவழித்தது என்பது பங்குதாரருக்குத் தெரிகிறது. உமிழ்வு வரம்பைத் தளர்த்தும்படி அது அமைச்சகத்துக்கு எழுதியதா என்பது தெரிவதில்லை.

இதன் விளைவை அனல்மின் நிலைய விதிகளில் காணலாம். கந்தக டை ஆக்சைடு வரம்பு 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கெடு இரண்டு ஆண்டுகள். அது பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கே கிடைத்தது. விலக்கு சரியா தவறா என்று இங்கே வாதிட வரவில்லை. யார், என்ன ஆதாரத்துடன் கேட்டார்கள் என்பதை மக்கள் ஒரே இடத்தில் படித்தறிய வழியில்லை என்பதே எங்கள் முறையீடு. 2023-ல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தின் கீழ் சிமெண்ட், அலுமினியம் போன்ற தொழில்களுக்கு உமிழ்வு இலக்குகள் வகுக்கப்பட்டுள்ள இந்நேரத்தில் அதே இருட்டு தொடரக் கூடாது.

எனவே, ஏழாவது கோட்பாட்டின் கொள்கை வாதாடல் கேள்விகளைச் செபி கட்டாயப் பகுதிக்கு மாற்ற வேண்டும். நிறுவனம் நேரடியாகக் கேட்டதோடு, அது சந்தா செலுத்தும் கூட்டமைப்பு அதன் சார்பில் கேட்டதும் அதில் இடம்பெற வேண்டும். ஆண்டறிக்கையில் பசுமை இலக்கைப் பறைசாற்றிவிட்டு, எதிர்ப்பைக் கூட்டமைப்பின் வாயால் சொல்ல வைப்பது எளிது; ஆகவே இரண்டுக்கும் முரண்பாடு உள்ளதா என்று இயக்குநர் குழு ஆண்டுதோறும் ஆராய்ந்து கையொப்பமிட வேண்டும். இது நடக்காத காரியமன்று. பி.எச்.பி. சுரங்க நிறுவனம் இப்படி ஒப்பிட்டுப் பார்த்தே, காலநிலைக் கொள்கையில் கருத்து வேறுபட்டு, 2018-ல் உலக நிலக்கரி சங்கத்திலிருந்து விலகியது.

அமைச்சகத்திடம் நாங்கள் கேட்பது இன்னும் எளியது. வரைவு விதிகள் மீது வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கையே சொல்கிறது. அதைக் கடைப்பிடிப்பதுடன், நிறுவனங்களும் கூட்டமைப்புகளும் அளித்த மனுக்களை முழுமையாகவும், அவர்களுடன் நடந்த சந்திப்புகளைத் தேதியுடனும் வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

அடுத்த நிதியாண்டுக்கான அறிக்கைப் படிவத்திலேயே இம்மாற்றத்தைச் செய்து, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்