பெர்னாண்டஸ் நம் கடற்கரையின் பெயர்

2024 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பல் வந்தது. சீனாவிலிருந்து வந்த அந்தக் கப்பலின் பெயர் சான் பெர்னாண்டோ. தண்ணீர் பீய்ச்சி வரவேற்றார்கள். முதலமைச்சர் நேரில் வந்தார். ஒரு வாரம் ஊர் முழுக்க அந்தப் பெயர்தான் பேச்சு. அதே விழிஞ்ஞத்தில் பிறந்து, பஸ் ஏறி, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் வந்து இறங்கும் ஒரு பெர்னாண்டஸிடம் மட்டும், "இது என்ன வெளிநாட்டுப் பேரா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

நான் நாகர்கோவில்காரன். கிழக்கேகோட்டையில், பழவங்காடி கணபதி கோயிலுக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் நடுவே ஒரு மாடியில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. முன்பு கையால் எழுதினேன், இப்போது கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். பூந்துறை, விழிஞ்ஞம், வலியதுறை ஆட்கள் ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, மீனவர் க்ஷேமநிதி, பாஸ்போர்ட் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பெர்னாண்டஸ், கோமஸ், லோபஸ், பெரேரா, சில்வா, நெற்றோ என்று இந்தப் பெயர்களை அடித்தடித்து என் விரலுக்கே மனப்பாடம்.

இவற்றில் பலவும் நம் இனிஷியலுக்கு உறவுதான். பெர்னாண்டோவின் பிள்ளை பெர்னாண்டஸ், லோப்பேயின் பிள்ளை லோபஸ், ரோட்ரிகோவின் பிள்ளை ரோட்ரிகஸ், கொன்சாலோவின் பிள்ளை கொன்சாலஸ். நாம் அப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைக்கிறோம், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அப்பன் பெயரோடு ஒரு விகுதியைச் சேர்த்துப் பின்னால் வைத்தார்கள். அங்கும் ஒரு காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டுதான் இருந்தது. இடைக்காலம் முடிவதற்குள் மாறுவது நின்று, யாரோ ஒரு பழைய பெர்னாண்டோவின் பெயர் குடும்பம் முழுவதற்கும் சொந்தமாகிவிட்டது. நம் இனிஷியல் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பெர்னாண்டோ என்ற மூலப்பெயரும் ஸ்பெயின் மண்ணில் முளைத்ததில்லை. வடக்கிலிருந்து வந்து ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர் அது. துணிவு என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. முற்பாதிக்குப் பயணம் என்று சிலரும் சமாதானம் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். கட்டுமரத்தில் போகிறவனுக்கு எந்தப் பொருளும் பொருந்தும். செவில் நகரைப் பிடித்த மூன்றாம் பெர்னாண்டோ என்ற அரசனை 1671-இல் புனிதர் வரிசையில் சேர்த்த பிறகு பெயருக்கு மதிப்பு இன்னும் கூடியது. அந்தக் கப்பலின் பெயரில் வரும் 'சான்' என்றால் புனித. ஸ்பெயினில் இன்று மிக அதிகம் பேர் வைத்திருக்கும் ஐந்து குடும்பப் பெயர்கள் கார்சியா, ரோட்ரிகஸ், கொன்சாலஸ், பெர்னாண்டஸ், லோபஸ். கார்சியாவை விட்டால் மற்ற நான்கும் அப்பன் பெயரோடு விகுதி சேர்ந்து பிறந்தவை.

இந்தப் பெயர்கள் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1530-களில், தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையில் பரதவர்கள் கடலில் பாதுகாப்புத் தேடிப் போர்த்துக்கீசியரோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானத்தகப்பனாக நின்றவரின் குடும்பப் பெயரைத் தமக்கும் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தார். அவர் போர்த்துக்கீசியர் அல்ல. இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ரா நாட்டுக்காரர். 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் ஊர்களில் நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் அவர் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகவும் அதில் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வளர்ந்த இந்துப் பிள்ளை நான். அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது, பெயர் எழுதும் வேலை செய்கிறவன் என்ற முறையில் உடம்பு சிலிர்த்தது. இந்தக் கரையின் ஏழை ஒருவனின் பெயரை எழுத்தில் எழுதி, இது உன்னுடையது என்று அதற்கு முன்னால் யார் கொடுத்தார்கள்?

பிலிப்பைன்ஸில் நடந்தது வேறு. 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அச்சடித்து, குடும்பப் பெயர் இல்லாதவர்களெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். வரிக்கணக்குக்காக வந்த பெயர்கள் அவை. நம் கரையில் அப்படி ஓர் ஆணை வரவில்லை. போர்த்துக்கீசியர் போனார்கள், டச்சுக்காரர் வந்து போனார்கள், ஆங்கிலேயரும் போனார்கள். பெயரை விட்டுவிடு என்று இந்தக் கரையின் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஒரு குடும்பம் விடாமல் வைத்திருக்கிற பெயரை அடிமைச் சின்னம் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு, அதை வைத்திருக்கிறவர்களின் மேல் மரியாதை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தப் பெயர்க்காரர்கள் நமக்குச் செய்ததையும் பார்க்க வேண்டும். இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் கொல்லம். தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சான நூல் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் அங்கேதான் வெளிவந்தது. அதைத் தமிழாக்கிய அண்ட்ரிக்கே அடிகளாரின் பெயர் என்ரீக்கஸ், அதாவது என்ரீக்கின் பிள்ளை. அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் தமிழ் எழுத்தை அச்சில் வார்த்தவராகச் சொல்லப்படும் ஜுவான் கொன்சால்வஸ் ஸ்பானியர். தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. இங்கே தும்பாவில் ராக்கெட் தளம் அமைக்க விக்ரம் சாராபாய் இடம் கேட்டபோது, மகதலேனா மரியாள் கோயிலையே விட்டுக்கொடுக்கும்படி தன் மக்களிடம் பேசியவர் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா. அப்துல் கலாம் பல மேடைகளில் நன்றியோடு சொன்ன சம்பவம் இது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. பெரேரா என்றால் பேரிக்காய் மரம். வெளிநாட்டு மரம்தான், வேர் தும்பா மணலில் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் இவர்கள் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். ஆங்கில எழுத்தில் கடைசியில் இசட் போட்டால் ஸ்பானிய வழக்கு, எஸ் போட்டால் இன்றைய போர்த்துக்கீசிய வழக்கு. பழைய போர்த்துக்கீசிய ஏடுகளில் இசட்டும் உண்டு, ஆகவே எதுவும் தவறில்லை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு இசட், மகனுக்கு எஸ், அம்மாவின் ரேஷன் கார்டில் பெர்னாண்டோ. பொழியூர் தாண்டி நீரோடிக்குப் போனால் தமிழ்நாடு. அங்கே கட்டிக்கொடுத்த அக்காவின் அட்டையில் பர்னாந்து. 1956-இல் எல்லைக்கோடு போட்டபோது கரை இரண்டானது, உறவு இரண்டாகவில்லை. மலையாளத்திலோ தமிழிலோ எழுதினால் இந்த இசட், எஸ் வித்தியாசமே தெரியாது. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துத்தான் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒக்கிப் புயலுக்குப் பிறகு பூந்துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் கடலிலிருந்து திரும்பவில்லை. படகுக் காகிதத்தில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. ஒரு அலுவலகத்தில், இது உங்கள் மகன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். "மோனே, நான் பெத்த பிள்ளைக்கு நான் சொன்னா போராதா?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

போன மாதம் நர்சிங் படித்த ஒரு பெண் வந்து, கோமஸை எடுத்துவிட்டு அப்பா பெயரை மட்டும் போட்டு கெஜட்டில் மாற்ற வேண்டும் என்றாள். இன்டர்வியூவில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாம். "மக்களே, மாற்றுவது உன் உரிமை. ஆனால் உனக்கே பிடிக்காமல் போனால் மாற்று, கேட்கிறவனுக்காக மாற்றாதே" என்றேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள்.

கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸிலேயே 'இருவரும் ஒருவரே' என்று சான்றிதழ் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு போனாலும் அடுத்த அலுவலகத்தில் அபிடவிட் கேட்கிறார்கள், பத்திரிகை விளம்பரம் கேட்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு வாரக் கூலி போகிறது. வருவாய்த்துறை கொடுத்த சான்றிதழ் மற்ற எல்லாத் துறையையும் கட்டுப்படுத்தும் என்று அரசு ஒரு உத்தரவு போட்டால் போதும். பெர்னாண்டஸ், பெர்னாண்டோ, பர்னாந்து போன்ற வடிவங்களை ஒன்றாகக் கருதலாம் என்று கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து ஒரு பட்டியல் வெளியிடலாம். பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் துணை ஆவணமாக எல்லா இடத்திலும் ஏற்கலாம். தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயர்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருப்பது அந்தப் பதிவேடுகளில்தான். அதனால்தான் என் மாடிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், முதலில் பங்குக் கோயிலில் போய் அதன் நகலை வாங்கி வரச் சொல்கிறேன்.