கமிஷனில் எத்தனை பிடித்தம்?

கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்கு இந்தியாவில் வழக்கமான கூலி, ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் சுமார் 50,000 ரூபாய்.

இணையத் தளம் வழியாக வந்த வேலை என்றால் தளத்துக்கும் பங்கு உண்டு. அது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 போச்சு. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 1,800. போதாததற்கு டிடிஎஸ் வேறு.

இந்த மூன்றும் ஒன்றல்ல. டிடிஎஸ் வருமான வரிக் கணக்கில் வரவாகிவிடும். ஜிஎஸ்டியைப் பதிவு பெற்ற ஏஜென்சி ஈடுகட்டிக்கொள்ளலாம்; பதிவில்லாத சின்ன ஏஜென்சிக்கு அது நஷ்டம்தான். தளக் கட்டணமோ போனது போனதுதான். எல்லாவற்றையும் 'பிடித்தம்' என்று ஒரே வரியில் காட்டினால் யாருக்கு என்ன புரியும்?

தளம் இலவசமாக உழைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சேர்ந்த ஆள் சில மாதங்களில் நின்றுவிட்டால், பல ஒப்பந்தங்களில் வேறு ஆள் தருவதோ பணத்தைத் திருப்புவதோ ஏஜென்சியின் தலையில்தான் விழுகிறது. அப்போது தளம் தன் பங்கைத் திருப்புமா? கையில் மிஞ்சுவது எவ்வளவு? முதல் பயோடேட்டாவை அனுப்பும் முன்பே இது தெரிய வேண்டும். பணம் வரும் நாளில் தெரிவது கணக்கு அல்ல, அதிர்ச்சி!